முதல் அப்படியே, மூட்டைதான் குறைவு

விலைவாசி ஏறினால் மளிகைக் கடைக்காரருக்குக் கொண்டாட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு அது பொருந்தலாம். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி உட்கார்ந்து நடத்தும் தெருமுனைக் கடைக்குப் பொருந்தாது. வங்கியில் கடன் கணக்குப் பார்த்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

கடைக்காரரின் முதல் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு கிலோ 100 ரூபாய் என்றால் 30 கிலோ சிப்பம் இருபது வாங்கலாம். கிலோவுக்கு 5 ரூபாய் வைத்து விற்றால் 3,000 ரூபாய் நிற்கும். அது வீட்டுச் செலவுக்குப் போய்விடும். அடுத்த கொள்முதலில் பருப்பு 150 ஆகிவிட்டால்? அதே பணத்துக்குப் பதின்மூன்று சிப்பம்தான். அதே 5 ரூபாய் வைத்தால் 1,950 ரூபாய்தான் மிஞ்சும். கூட வைத்தால் வாடிக்கை சூப்பர் மார்க்கெட்டுக்கு நடையைக் கட்டிவிடும்.

இதில் கடன் நோட்டு வேறு. முதல் வாரம் 105 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த பருப்புக்கு, சம்பளம் வந்த பிறகு அதே 105தான் வரும். அதற்குள் கொள்முதல் விலை 115 ஆகியிருக்கும். கிலோவுக்குப் பத்து ரூபாய் கையைவிட்டுப் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். நோட்டில் எழுதமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அந்த நோட்டுதாங்க அவர் கடையே.

வங்கிக்கு வரலாமே என்பீர்கள். 2015-இல் முத்ரா திட்டம் தொடங்கியபோது சிசு பிரிவுக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். இன்றும் அதேதான். 2024 பட்ஜெட்டில் மேல் வரம்பை மட்டும் 20 லட்சமாக உயர்த்தினார்கள். ஆகவே கடைக்காரர் தண்டல்காரரிடம் போகிறார். கையில் 9,000 வாங்கி, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறார். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பாருங்கள், எழுபது விழுக்காட்டைத் தாண்டும்!

2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. உடனே 26 கிலோ அரிசி மூட்டை முளைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சாமர்த்தியம்தான். ஆனால் ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட் வாங்குகிறவருக்கு அந்தச் சாமர்த்தியம் உதவாது.

சரி, உழவர்களுக்கு இதில் என்ன வேலை? அறுவடை சமயத்தில் நாம் மலிவாகக் கொடுத்த உளுந்து, கைமாறி கைமாறி அதே கடைக்கு விலையேறித் திரும்புகிறது. எங்கள் பக்கம் மூன்று பேர் சேர்ந்து உளுந்தும் செக்குக் கடலெண்ணெயும் பக்கத்துக் கடைக்கு நேரே கொடுக்கிறோம். போகம் முழுக்க ஒரே விலை. விற்ற பிறகு வாரம் ஒருமுறை பணம். அவர் முதல் முடங்குவதில்லை, நமக்கும் கமிஷன் மிச்சம். மருந்து போடாத பயறு என்பதால் சீக்கிரம் வண்டு விழும். அதனால் நன்றாக வெயிலில் காயவைத்து, ஒரு தடவைக்குப் பத்து கிலோவுக்கு மேல் இறக்குவதில்லை.