நைதரசன் ஏற்றிய குளிர்த் தேநீர்

தேயிலையைக் கொதிநீரிலிட்டு வடிப்பதே தேநீர் என்பது நம்மவரின் நெடுநாட் கொள்கை. ஆயினும், வெந்நீரைத் தீண்டாமலே சாயம் இறக்கி, அதனுள் நைதரசன் வாயுவை அமுக்கத்தாற் செலுத்தி, நுரை ததும்ப வழங்கும் முறையொன்று இந்நூற்றாண்டில் மேனாடுகளிற் பரவியுள்ளது. இம்முறை தேநீருக்கென எழுந்ததன்று. கின்னசு மதுவடிசாலையிற் பணியாற்றிய மைக்கேல் ஆசு என்னும் கணிதவியலாரின் முயற்சியால், 1959இல் கரும்பியரை நைதரசன் கொண்டு வழங்கும் வழக்கம் தோன்றிற்று. அரை நூற்றாண்டின் பின்னர் அமெரிக்கக் காப்பிக்கடைகள் அதனைக் குளிர்காப்பிக்கு எடுத்தாண்டன. தேநீரும் அவ்வழிச் சென்றது.

குளிர்நீரில் இறக்குவதன் இயல்பை முதலில் நோக்குவாம். இலையிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே வேகத்திற் கரைவன அல்ல. தியனைன் முதலிய அமினோவமிலங்கள் குளிர்நீரிலும் நன்கு கரையும். துவர்ப்பைத் தரும் பல்பீனோல்களும் கசப்பைத் தரும் கபேயினும் வெந்நீரிற்போல அத்துணை விரைந்து வெளிப்படா. ஆகலின், துவர்ப்புத் தணிந்து இன்சுவை மேலோங்கும். வெந்நீரில் இறக்கிய கடுஞ்சாயம் ஆறியதும் கலங்குதலைப் பலரும் கண்டிருப்பர். கபேயினும் பல்பீனோல்களும் பிணைந்து திரள்வதே அதன் காரணம். குளிரில் இறக்கியதோ பெரிதும் தெளிவாகவே நிற்கும். இலீற்றர் நீருக்கு 10 முதல் 15 கிராம் இலையிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தல் போதும். பின்னர் நுண்ணிய வடியிற் செவ்வனே வடித்தல் வேண்டும்.

இனி, வாயுக்களுள் நைதரசனைத் தேர்ந்தது ஏன்? 1803இல் வில்லியம் என்றி கண்ட விதிப்படி, திரவத்திற் கரையும் வாயுவின் அளவு அவ்வாயுவின் அமுக்கத்துக்கு நேர்விகிதசமமானது. வெப்பநிலை குறையக் கரைதிறன் மிகும். சோடாநீரிலுள்ள காபனீரொட்சைட்டு எளிதிற் கரைந்து, காபோனிக்கமிலமாகிப் புளிப்பைத் தரும். நைதரசன் அதனினும் ஐம்பது மடங்கிற்கு மேற் குறைவாகக் கரைவது, சுவையற்றது. பாலாடை நுரைக்கும் குப்பியிற் பயன்படும் நைதரசு ஒட்சைட்டை இதுவென மயங்குவாரும் உளர். அது வேறு வாயு. எளிதிற் கரைவது, சிறிது இனிப்பது.

நன்கு குளிர்ந்த தேநீரைத் துருவேறா உருக்குக் கலத்திலிட்டு, மேலே சிறிது வெளிவிட்டு, சதுர அங்குலத்துக்கு 30 முதல் 45 இறாத்தல் அமுக்கத்தில் நைதரசனைச் செலுத்திக் குலுக்கி, ஒரு நாள் குளிரில் வைப்பர். வழங்கு குழாயின் வாயில் நுண்டுளைத் தட்டொன்று உண்டு. வடித்தலிற் பிழைத்த தூள் அடைத்துக்கொள்வது இங்கேதான். தேநீர் அத்துளைகளினூடு நெருக்குண்டு பாய்கையில் அமுக்கம் சடுதியாக வீழ, வாயு எண்ணற்ற நுண்குமிழிகளாகப் பிரியும். சிறு குமிழியின் வாயு கரைந்து சென்று பெருங்குமிழியைச் சேர்வதால் நுரை பருத்து உடைதல் இயல்பு. அரிதிற் கரையும் நைதரசனில் இஃது மிக மெல்லவே நிகழ்வதால் நுரை நெடுநேரம் நிற்கும். குவளையின் ஓரத்திற் குமிழிகள் கீழிறங்குவதாகத் தோன்றுவது கண்மயக்கமன்று. நடுவே குமிழிகளோடு எழுந்த திரவம் ஓரமாக இறங்குகையில் சிறு குமிழிகளையும் இழுத்துச் செல்கின்றது. நம் தேநீர்க்கடைகளில் உயர்த்தி ஆற்றும்போது எழும் நுரைக்குள்ளும் பெரும்பகுதி நைதரசனே. வளியில் நூற்றுக்கு 78 பங்கு அதுவன்றோ! ஆனால் அக்குமிழிகள் பருமனானவை, விரைவில் அடங்கிவிடும்.

சுவையினும் கருத்திற் கொள்ளத்தக்கது சுகாதாரம். கொதிநீர் நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவற்றை அழிக்கும். குளிர்நீர் அதனைச் செய்யாது. ஒட்சிசனை அகற்றிவிட்டாற் கிருமிகள் யாவும் ஒடுங்கும் என எண்ணுதல் பெரும்பிழை. குளொசுத்திரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியா ஒட்சிசன் இல்லாவிடத்தே வளர்ந்து கொடிய நஞ்சை ஆக்குவது. அதன் வித்திகள் கொதிநீருக்கும் தப்புவன. 2017இல் அமெரிக்காவில், தகரத்தில் அடைத்த நைதரசன் குளிர்காப்பியொன்று இவ்வச்சத்தினாலேயே விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. தேநீரும் அமிலங் குறைந்த பானமே. ஆதலின், கொதித்தாறிய நீரையும் தூய கலத்தையும் கொண்டு செய்து, 4 பாகை சதமத்துக்கு மேற்படாது வைத்து, ஓரிரு நாளிற் பருகி முடித்தல் வேண்டும். வாயு உருளையை அடைத்த சிற்றறையில் வைத்தலும் ஆகாது. கசியும் நைதரசன் மணமின்றி ஒட்சிசனை வெளியேற்றும், உள்ளிருப்பவர் மூச்சுத் திணறலை உணருமுன்னரே மயங்கி வீழ்வர்.