பாதி உனக்கு, பாதி எனக்கு

ராஜதந்திரிகள் கைகுலுக்கும்போது தவறாமல் வந்து நிற்கும் 'கவுன்டர்பார்ட்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது, ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேருக்காக

2001 ஜூலையில் ஆக்ரா பேச்சுவார்த்தைக்காக பர்வேஸ் முஷாரஃப் தில்லியில் வந்து இறங்கியபோது, அவர் பாகிஸ்தானின் அதிபராகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பதவிக்குப் பதவி பார்த்தால் இந்தியாவில் அவருக்கு நிகரானவர் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன். ஆனால் ஆக்ராவில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர் பிரதமர் வாஜ்பாயி. இந்த இருவரில் யார் முஷாரஃபின் 'கவுன்டர்பார்ட்'?

தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் இந்தச் சொல் வேறு விதமான தலைவலி. 'வெளியுறவு அமைச்சர் தன் பாகிஸ்தான் கவுன்டர்பார்ட்டைச் சந்தித்தார்' என்று ஏஜென்சி செய்தி வருகிறது. 'இணை அமைச்சர்' என்று போட்டால் பாகிஸ்தான்காரர் ஒரேயடியாக ராஜாங்க மந்திரியாகப் பதவி இறங்கிவிடுவார். 'எதிர்' என்று ஆரம்பித்தால் சண்டைக்கு வந்தவர் போலாகிவிடும். இந்திப் பத்திரிகைகள் 'சமகக்ஷ்' என்று எழுதி சமாளித்துக்கொள்கின்றன. சம தகுதி உள்ளவர் என்று பொருள். தமிழில் பெரும்பாலும் 'பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர்' என்று நேராக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அதில் தவறும் இல்லை.

ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகத்தில் சம அந்தஸ்து என்ற பேச்சே கிடையாது. பழைய பிரெஞ்சு மொழியின் 'கோந்த்ர்பார்த்தி' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. 'எதிரில் இருக்கும் பாகம்' என்று அர்த்தம். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வக்கீல்கள் அதை எடுத்துக்கொண்டபோது, அது ஆளைக் குறிக்கவில்லை, பத்திரத்தைக் குறித்தது. ஒரு ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளில் எதிராளியிடம் இருக்கும் பிரதிதான் கவுன்டர்பார்ட்.

அந்தப் பிரதி தயாரான விதம் சுவையானது. ஒரே ஆட்டுத்தோலில் ஒப்பந்த வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் பெரிய எழுத்துகளில் ஒரு சொல்லை எழுதுவார்கள். பெரும்பாலும் அது கையெழுத்து என்று பொருள்படும் 'கைரோகிராஃபம்' என்ற சொல்லாக இருக்கும். பிறகு அந்த எழுத்துகளின் குறுக்காகவே, நேர்கோடாக இல்லாமல், ரம்பப் பல் போல வளைத்து வளைத்து வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்துவிடுவார்கள். வழக்கு என்று வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல்லோடு பல் பொருந்த வேண்டும், அறுபட்ட எழுத்துகள் ஒட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். பல் பல்லாக வெட்டிய அந்தப் பத்திரத்துக்கு 'இன்டென்சர்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் பிற்பாடு இந்தியர்களுக்கு நன்றாகவே பழக்கமானது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கட்டை. இங்கிலாந்து அரசுக் கருவூலத்தில் கணக்கு என்றால் பல நூற்றாண்டுகளுக்கு 'டாலி' எனப்பட்ட மரக்குச்சிதான். 12ஆம் நூற்றாண்டில் கருவூல நடைமுறையை எழுதிவைத்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அதன் கணக்கையும் சொல்கிறார்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டு, நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்துவிடுவார்கள். பணம் கொடுத்தவருக்குப் பெரிய துண்டு, அது 'ஸ்டாக்'. வாங்கியவருக்குச் சிறியது, அது 'ஃபாயில்'. ஒருவர் ரகசியமாக ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றவர் கையிலுள்ள துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

பாங்கில் பணம் கட்டியவர் கிழித்து வாங்கி வரும் சலானின் 'கவுன்டர்ஃபாயில்' இந்த வம்சத்தைச் சேர்ந்தது. தமிழில் ரசீதுப் புத்தகத்தில் மிஞ்சும் துண்டை 'அடிக்கட்டை' என்கிறார்கள். லண்டன் கருவூலத்தின் குச்சியைப் பற்றி எதுவும் கேள்விப்படாமலேயே தமிழும் ஒரு கட்டையைப் போய்ப் பிடித்திருக்கிறது. கள்ள நோட்டுக்கான 'கவுன்டர்ஃபீட்' என்ற சொல்லுக்கும் முன்பாதி அதே 'எதிர்'தான். போலி செய்வதும் போலியைப் பிடிப்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆனால் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கவுன்டர் இந்தக் குடும்பம் இல்லை. அது எண்ணுவதற்கான லத்தீன் வேரிலிருந்து, காசை எண்ணும் மேஜையாக வந்தது.

கருவூலக் குச்சிகளின் முடிவு சோகமா வேடிக்கையா என்று சொல்வது கஷ்டம். 1826இல் அந்த முறை கைவிடப்பட்டது. மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். சூடு தாங்காமல் தீ பரவி, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே சாம்பலானது.

அதே வருடம் நவம்பர் 2ஆம் தேதி, 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளுடன் மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்தது. அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் அரசு பெரும் சோதனையாகத் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு ஆட்டுத்தோல் காலத்துப் பெயரே கிடைத்தது: இன்டென்சர். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஆட்களைக் கொண்டுபோனது. 1879இல் ஃபிஜி. ஆள் எடுப்பது 1917இல் நிறுத்தப்படுவதற்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இப்படிக் கடல் கடந்திருந்தார்கள்.

அந்தக் காகிதத்தில் பல்லும் இல்லை, பொருத்திப் பார்க்க இன்னொரு பாதியும் இல்லை. பல் வெட்டாவிட்டாலும் இன்டென்சர் செல்லும் என்று இங்கிலாந்து 1845இலேயே சட்டம் செய்துவிட்டது. ஃபிஜிக்குப் போனவருக்கு ஐந்து வருட வேலை, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்னி என்று எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போகாவிட்டால் கூலிக்காரருக்குச் சிறை. முதலாளி சொன்னபடி நடக்காவிட்டால் அவரைக் கேட்க ஆள் கிடைப்பது அரிது. 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. போனவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள். ஒப்பந்தம் என்பதற்கான சொல் ஒரு மனிதக் கூட்டத்தின் சாதிப் பெயர் போல ஒட்டிக்கொண்டது.

1894இல் டர்பனில் வக்கீல் காந்தியிடம் பாலசுந்தரம் என்ற தமிழர் வந்து நின்றார். கிழிந்த துணி, உடைந்த இரண்டு முன்பற்கள், வாயில் ரத்தம். அடித்தவர் முதலாளி. சாதாரண வேலைக்காரர் என்றால் விலகிப் போய்விடலாம். கிர்மிட்டியாவுக்கு அது முடியாது. ஒன்று, கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி இன்டென்சரை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் வேறொரு முதலாளிக்கு அதை மாற்றி எழுத வேண்டும். காந்தி இரண்டாவது வழியில் போனார். வேறொரு ஐரோப்பியரைத் தேடிப் பிடித்தார். பாலசுந்தரத்துக்குக் கிடைத்தது விடுதலை அல்ல. எதிர்ப் பக்கத்துப் பெயர் மட்டும் மாறியது.

இந்தியாவுக்குள்ளும் இந்த இரண்டு பாதி விவகாரம் நிலத்தில் ஓடியது. வடக்கே பட்டா, கபூலியத் என்று ஜோடியாகச் சொல்வார்கள். நிலத்துக்காரர் எழுதிக் கொடுப்பது பட்டா. 'ஒப்புக்கொண்டேன்' என்று குடியானவர் எழுதிக் கொடுப்பது கபூலியத். சென்னை மாகாணத்தில் இரண்டாவதற்குப் பெயர் முச்சலிக்கா. 1865ஆம் வருட சென்னை வாரச் சட்டம், இரண்டையும் மாற்றிக்கொள்ளாமல் குத்தகை நிபந்தனைகளை வலியுறுத்தி வழக்குப் போட முடியாது என்றது. மாற்றிக்கொள்ள முன்வந்ததையோ, வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டதையோ நிரூபித்தால் விதிவிலக்கு. அன்று பட்டா என்றால் ஜமீன்தார் குடியானவருக்குக் கொடுத்த வாக்கு. தாலுகா ஆபீஸில் இன்று அலைந்து வாங்கும் பட்டா அந்தப் பெயரின் மறுபிறவி.

1872இன் இந்திய சாட்சியச் சட்டம் இதை இன்னும் கறாராகச் சொன்னது. பத்திரம் இரண்டு பிரதிகளாகத் தயாராகி, ஒவ்வொன்றிலும் ஒரு தரப்பு மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், போட்டவருக்கு எதிராக அந்தப் பிரதி முதல்நிலைச் சாட்சியம். போடாதவருக்கு எதிராக அது இரண்டாம் நிலைதான். அதாவது எதிராளி கையெழுத்துப் போட்ட தாள் நம் பெட்டியில் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் வந்திருக்கிறது. இந்த விதி அப்படியே தொடர்கிறது.

நகரங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பழங்கதை இல்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908இன் பதிவுச் சட்டம். அதனால்தான் நாடெங்கும் பதினொரு மாத ஒப்பந்தம். முத்திரைத்தாளில் ஒரே ஒரு பிரதி அடிக்கப்படும், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், அசல் வீட்டுக்காரரின் பீரோவுக்குப் போகும், குடியிருப்பவருக்கு ஒரு ஜெராக்ஸ். மூன்று மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் திருப்பித் தர மறுக்கும் நாளில்தான் அந்த ஜெராக்ஸ் இரண்டாம் நிலைச் சாட்சியம் என்பது தெரியவரும். அசலைக் கொண்டுவரச் சொல்லி முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வீடு பார்ப்பவர்களின் நிலைமை கொஞ்சம் தேவலாம். மகாராஷ்டிராவின் 1999ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பதினொரு மாதமானாலும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கிறது. பதிவான ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிபந்தனைகள் என்னவென்று குடியிருப்பவர் சொல்வதே செல்லும். வீட்டுக்காரர்தான் மாற்றி நிரூபிக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் இருப்பவர்கள் இரண்டு பிரதி அடித்து இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முத்திரைச் செலவு இரட்டிப்பாகுமே என்று பயப்படவும் வேண்டாம். 1899இன் இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் 'கவுன்டர்பார்ட் அல்லது டூப்ளிகேட்' என்று தனியாகவே ஓர் இனம் இருக்கிறது. மூலப் பத்திரத்தின் தீர்வை எவ்வளவானாலும் இரண்டாம் பிரதிக்கு அன்று விதித்த உச்சக் கட்டணம் ஒரு ரூபாய். அதன் பிறகு மாநிலங்கள் தத்தம் இஷ்டப்படி அதைத் திருத்திக்கொண்டிருக்கின்றன.