விழித்ததும் எழுதும் நோட்டு

"கனவு வந்துச்சு சார், ஆனா மறந்துபோச்சு." ஏழாம் வகுப்பில் 'நான் கண்ட கனவு' என்று எழுதச் சொன்னபோது பாதிப் பிள்ளைகள் சொன்ன பதில் இது. மீதிப் பேர் கலெக்டர் ஆகும் கனவை எழுதினார்கள். இரவில் வரும் கனவைப் பற்றித்தான் நான் கேட்டேன்.

கனவு மறப்பது பிள்ளைகளின் குறை அல்ல. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைவதைக் கண்டறிந்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பப்படுபவர்களில் பெரும்பாலோர் கனவைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இக்கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. ஆனால் விழித்த சில நிமிடங்களிலேயே கனவு நழுவிவிடுகிறது. கவனம் வேறொன்றில் போனால் இன்னும் சீக்கிரம்.

சிலமலையில் விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப் வந்துவிடும். போடிமெட்டு ஏறப் புறப்படும் அம்மா, "எந்திரி, தம்பியக் கிளப்பி விடு" என்று எழுப்புவார். நீண்ட கனவுக்குரிய நேரம்தான் அது. ஆனால் கண் திறந்ததும் வேலை சூழ்ந்துகொள்கிறது. அதனால் பிள்ளைகளிடம் நான் கேட்டது ஒரே ஒரு நிமிடம்.

தலைமாட்டில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். படுக்கும்போது "காலையில் கனவை நினைத்துப் பார்ப்பேன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். விழித்ததும் புரளாமல், கண் திறக்காமல், "இப்போது எங்கே இருந்தேன்?" என்று கேளுங்கள். பிறகு ஆள், இடம், பயமா மகிழ்ச்சியா என நாலைந்து சொற்களை மட்டும் எழுதுங்கள். ஒரு சொல் அடுத்ததை இழுத்து வரும். எதுவும் இல்லையென்றால் தேதி போட்டு 'நினைவில்லை' என்று எழுதினால் போதும். கனவுக்காக உறக்கத்தைக் குறைக்க வேண்டாம்.

இது புதிய முறையல்ல. அமெரிக்க உளவியலாளர் மேரி கால்கின்ஸ் தாளும் பென்சிலும் மெழுகுவத்தியும் அருகில் வைத்துக்கொண்டு கனவுகளைக் குறித்து, 1893இல் ஆய்வாக வெளியிட்டார். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். எழுதத் தடுமாறும் பிள்ளையும் அதுபோல வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு எழுதலாம். குறைவாக நினைவிருப்பவர்களுக்கே இப்பயிற்சியில் பலன் அதிகம்.

மூன்றாவது வாரம், மூன்று வரிக்கு மேல் எழுதாத ஒரு மாணவன் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். மலையில் அம்மா கூப்பிடுகிறார், அவனுக்குப் பாதை தெரியவில்லை. மகிழ்ச்சியில் வகுப்பில் உரக்கப் படித்துவிட்டேன். பின்வரிசையில் சிரித்தார்கள். மறுநாள் அவன் நோட்டைக் கொண்டுவரவில்லை. தவறு என்னுடையது.

அவனைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து சில விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். நோட்டு பிள்ளையுடையது, விரும்பினால் மட்டுமே காட்டலாம். சிவப்பு மை படாது, மதிப்பெண் கிடையாது. கனவுக்குப் பலன் சொல்வதில்லை. பயமுறுத்தும் கனவு திரும்பத் திரும்ப வருவதாக ஒரு பிள்ளை சொன்னால் தனியாகக் கேட்டு, வீட்டாருடன் பேசுகிறேன். தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைத் தருகிறேன். கனவின் பின்னால் துன்புறுத்தல் இருப்பதாகத் தோன்றினால் 1098ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

வகுப்பில் தொடங்கும் முன் நீங்கள் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். எழுதியதைப் பிறர் படித்தால் எப்படி இருக்கும் என்பது அப்போது புரியும். என் நோட்டின் முதல் பக்கங்களில் 'நினைவில்லை' என்பதே அதிகம். அதைப் பிள்ளைகளிடம் காட்டினேன். அந்த மாணவன் மறுவாரம் நோட்டை எடுத்துவந்தான். என்னிடம் காட்டவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்தான்.