மீன் தொட்டிக் கருவிகளுக்கு உத்தரவாதம்: வாங்குவோர் எதை எதிர்பார்க்கலாம்?

நெய்வேலி நகரியத்தில் முன் அறையில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போரும், கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி மோலி, கப்பி, பொன்மீன் வளர்த்து விற்போரும் எம்மிடம் கேட்கும் கேள்விகளில் பாதி மீன் நோயைப் பற்றியவை. மறு பாதி கருவிகளைப் பற்றியவை. "ஓராண்டு வாரண்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எட்டாம் மாதமே காற்றுப் பம்பு நின்றுவிட்டது. கம்பெனிக்கு அனுப்ப மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை மீன் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்குமா, ஐயா?" என்று பணி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் இங்கே சுரங்கம் வெட்ட முடியும். மீன் தொட்டியின் நிலையும் அத்தகையதே. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. கோடை இரவில், மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் காற்று நின்றால் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். சண்டை மீனும் கௌராமியும் வெளிக்காற்றைச் சுவாசித்துத் தாக்குப்பிடிக்கும். பொன்மீனுக்கு அந்த வசதி இல்லை. வடிகட்டியில் குடியிருந்து கழிவை மாற்றும் நுண்ணுயிர்களும் நீரோட்டம் நின்றால் மடியத் தொடங்கும்; பிறகு அம்மோனியா ஏறும்.

ஆகவே தொட்டியில் பழுது மணிக்கணக்கில் வேலை செய்கிறது. உத்தரவாதமோ வாரக்கணக்கில் வேலை செய்கிறது. வாங்குவோருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே எழும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறப்பதுதான்.

பழுது எங்கே வருகிறது?

சாதாரணக் காற்றுப் பம்பின் உள்ளே மின்காந்தம் ஒன்றும், அதனால் அதிரும் சிறு கையும், கையின் நுனியில் ரப்பர் டயாபிரமும் உள்ளன. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. அதற்கேற்ப அந்த ரப்பர் விநாடிக்கு 50 முறை, நாளொன்றுக்கு 43 லட்சம் முறை அசைகிறது. ஓராண்டில் கணக்கு 157 கோடியைத் தாண்டும். வயல் மோட்டாரைப் போலச் சில மணி நேரம் ஓடி ஓய்வெடுக்கும் பொருள் அல்ல இது. ரப்பர் கிழிவது இயல்பான தேய்மானம். எந்தத் தயாரிப்பாளராலும் அதைத் தடுக்க முடியாது. ஆனால் சில ரூபாய் பெறும் அந்த ரப்பரைத் தனியே விற்க முடியும். அதைச் செய்யாமல் முழுப் பம்பையும் தூக்கி எறியச் சொல்வதுதான் குறை.

கோயமுத்தூர்ப் பம்புசெட்டை விவசாயிகள் நம்பி வாங்கியது அதனுடன் வந்த அட்டையைப் பார்த்து அல்ல. புஷ், பேரிங், வாஷர் பக்கத்து ஊரிலேயே கிடைத்தன. சுருள் எரிந்தால் காயில் கட்ட ஆள் இருந்தார். ஜெர்மனியின் ஏஹைம் நிறுவனத்தின் வடிகட்டிகளுக்கு உலகெங்கும் நற்பெயர் இருப்பதற்கும் உதிரி பாகங்கள் தனித்தனியே கிடைப்பது ஒரு முக்கிய காரணம். மந்தாரக்குப்பத்திலோ கடலூரிலோ வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மாத வாரண்டி?" என்பதை அல்ல. "இதற்கு டயாபிரம், சுழலி, ரப்பர் வளையம் உங்களிடம் தனியாகக் கிடைக்குமா?" என்பதைத்தான். கிடைக்கும் என்றால் அன்றே ஒரு டயாபிரம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இதை மாற்ற ஒரு திருப்புளியும் பத்து நிமிடமும் போதும். மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

அட்டையில் சொல்லாதது

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படிப்பவர் குறைவு. நீர் புகுந்த பம்பு, உடைந்த ஹீட்டர் கண்ணாடி, தேயும் ரப்பர் பாகங்கள் ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். முடியாவிட்டால் குழாயில் செக் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை நிறுத்திச் சற்று ஆறவிட்ட பிறகே நீரை இறக்க வேண்டும். சூடான கண்ணாடி வெளியே தெரிந்தால் வெடிக்கும். இவை வாங்குபவர் பொறுப்பு. இவற்றைத் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குச் சீன மொழியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் மட்டும் குறிப்பு வைத்துவிட்டு, "தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்று கைவிரிப்பதை ஏற்க முடியாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஐரோப்பிய ஒன்றியம் 1999-ஆம் ஆண்டு ஆணையின்படி நுகர்பொருள்களுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு சட்டப் பொறுப்பை விதித்தது. நம் நாட்டில் எல்லாப் பொருளுக்கும் அவ்வாறு கால அளவு விதிக்கப்படவில்லை. எனினும் வாங்குபவர் கையற்றவர் அல்லர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தராதிருப்பது முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி வைத்தாலும், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்றதே. ரசீதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்பதும் விதி. முகவரியே இல்லாத பெட்டியில் 'இரண்டு ஆண்டு' என்று அச்சிட்டிருந்தால் அந்த எழுத்துக்கு மதிப்பு ஏது?

மீனை விற்பதற்காக வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலாகத் தம் வாழ்க்கைக்குப் பொருள் ஈட்ட வாங்கியவர் நுகர்வோரே. பிரதமரின் மத்சய சம்பத யோஜனாவில் கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வகுக்கப்பட்டது. அப்படித் தொடங்குவோர் ஒவ்வொரு கருவிக்கும் தம் பெயரில் ரசீது வாங்க வேண்டும். அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

செத்த மீனுக்கு இழப்பீடு உண்டா என்று பலர் கேட்கின்றனர். உத்தரவாத அட்டை கருவியை மட்டுமே மாற்றித் தரும். குறையுள்ள பொருளால் மற்ற உடைமைக்கு நேர்ந்த சேதத்துக்குக் கேட்க, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தில் இடமுண்டு. ஆனால் மீன் செத்தது ஹீட்டர் கட்டுப்பாடின்றிக் கொதித்ததாலா, நோயாலா என்பதைக் காட்ட வேண்டியவர் நாமே. மீன் வாங்கிய ரசீது, வெப்பமானி காட்டிய அளவு, தொட்டியின் புகைப்படம் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம்.

முதலில் கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நெய்வேலியில் வசிப்பவர் கடலூரிலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான ரசீது சில மாதங்களில் வெளுத்துப் போகிறது. வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்ளவும்.

300 ரூபாய்ப் பம்புக்காகக் கடலூருக்கு எத்தனை முறை பஸ் ஏறுவது என்று கேட்கலாம். அது உண்மைதான். அதனால்தான் கருவி பழுதாகிக் கடைக்குப் போனால் திரும்பும் வரை மாற்றுப் பம்பு ஒன்றைக் கடைக்காரர் இரவல் தர வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். தயாரிப்பாளர் இதற்கென ஒவ்வொரு விற்பனையாளரிடமும் இரண்டு பம்பை வைத்தால் ஆகும் செலவு சொற்பம். இந்த ஏற்பாட்டுக்கு ஒப்பும் கடையில் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் நட்டமில்லை.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கு அருகே கரை கடந்தபோது மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அத்தகைய நாள்களில் எந்த வாரண்டியும் உதவாது. ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி, ஒரு முறை ஓட்டிப் பார்த்து வைக்கவும். மின்சாரம் நின்ற நாளில் மீனுக்குத் தீனி போடக் கூடாது. குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றி வந்தாலும் ஓரளவு காற்று சேரும்.