'வெரி' அளக்கும் அளவு

ஆங்கிலத்தில் 'வெரி' என்றால் 'மிக' என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். பிறகு ஒரு நாவலில் 'தி வெரி ஹவுஸ்' என்று வந்து நம்மை நிறுத்துகிறது. அங்கே 'அந்த வீடேதான்' என்று பொருள். வழக்கில் சுருங்கிப்போன இந்தப் பொருள், 'மிக' என்பதைவிட மூத்தது.

லத்தீனில் 'வேருஸ்' என்றால் உண்மையான என்று பொருள். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது 'மெய்யான' என்னும் பெயரடை அது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு போர்வீரனை வருணிக்கும்போது இதை இன்னொரு பெயரடைக்கு முன்னால் வைக்கிறார். அதை 'மெய்யான, குறையற்ற வீரன்' என்றும் படிக்கலாம். 'மெய்யாகவே குறையற்ற வீரன்' என்றும் படிக்கலாம். இப்படி இரண்டுக்கும் இடம்தரும் தொடர்களில்தான் பெயரடை மெல்ல வினையடையாக நழுவியது. ஒருவரை 'மெய்யாகவே நல்லவர்' என்று அழுத்திச் சொன்னால், நல்ல குணம் கூடுதலாக இருப்பதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். நாளடைவில் உண்மை உதிர்ந்து அளவு மட்டும் நின்றது.

அதற்கு முன் ஆங்கிலேயர் மிகுதியைச் சொல்ல 'ஸ்வித்', 'ஃபுல்', 'வெல்', 'ரைட்' என்று பல சொற்களை வைத்திருந்தார்கள். 'ஃபுல்' நமக்குப் புதிதல்ல. நம் 'ரொம்ப'வும் 'நிரம்ப' என்பதன் பேச்சு வடிவம்தானே! மிகுதிச் சொற்கள் நிறைவிலிருந்தும் உண்மையிலிருந்தும் பிறப்பதுபோல அச்சத்திலிருந்தும் வலியிலிருந்தும் பிறக்கின்றன. 'டெரிப்லி' அச்சத்தின் பிள்ளை, நம் 'பயங்கரமா நல்லாயிருக்கு' மாதிரி. ஜெர்மனில் 'மிக' என்று பொருள்படும் 'ஸேர்', ஒருகாலத்தில் வலியைக் குறித்தது.

அளவைக் காட்டுவதே வேலை என்பதால், ஏறி இறங்கக்கூடிய குணத்தோடுதான் 'வெரி' எளிதாக ஒட்டும். 'வெரி கோல்ட்' சரி. 'வெரி ஃப்ரீசிங்' காதில் இடறும். 'ஃப்ரீசிங்' ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது, அதற்கு 'அப்சல்யூட்லி' பொருந்தும். ஒப்பிடும்போது 'வெரி பெட்டர்' தவறு, 'மச் பெட்டர்' என்றாக வேண்டும். ஆனால் 'தி வெரி பெஸ்ட்' சரி.

தமிழர் அதிகம் தடுமாறுவது வினைச்சொல்லோடுதான். 'எனக்கு மிகவும் பிடிக்கும்' என்று தமிழில் 'மிகவும்' வினையோடு சேரும். அதே பழக்கத்தில் 'ஐ வெரி லைக் இட்' என்று சொல்லிவிடுகிறோம். 'வெரி' தனியாக வினையைத் தொடாது. 'மச்' துணைக்கு வந்து 'ஐ லைக் இட் வெரி மச்' என்று முடிய வேண்டும்.

'வெரி'யை வெட்டிவிட்டு வலுவான ஒற்றைச் சொல்லைப் போடு என்று எழுத்துப் பயிற்சி நூல்கள் சொல்வதுண்டு. பல இடங்களில் அது நல்ல யோசனைதான், விதியாக்கினால் மட்டும் நான் ஏற்கமாட்டேன். 'வெரி கோல்ட்' என்ற தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம். 'ஃப்ரீசிங்' என்றால் கை வைக்கவே தயங்குவோம். இடைப்பட்ட அளவை மிகைப்படுத்தாமல் சொல்ல 'வெரி' வேண்டும்.

ஆனால் பேச்சில் அதன் பிடி தளர்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சைப் பற்றி ரிகா இட்டோவும் சாலி டாலியமான்டேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூத்தவர்கள் 'வெரி'யையும் இளையவர்கள் 'ரியலி'யையும் விரும்புவது தெரிந்தது. அடிக்கடி சொல்லப்பட்டு அழுத்தம் தேயும்போது, உணர்ச்சியைக் காட்ட வேறு சொல் தேவைப்படுகிறது. அப்படி வந்த 'ரியலி'யும் உண்மையைக் குறித்த சொல்தான். 'ஃபிரண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் வசனங்களை ஆராய்ந்தபோதோ முதலிடம் 'சோ'வுக்குக் கிடைத்தது. 'வெரி' பிரெஞ்சிலிருந்து வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல் அது.