தோராவுக்கு அணிகலன்: ஆஸ்திரேலியாவில் யூதச் சடங்குக் கலை

யூத வழிபாட்டின் மையம் தோராச் சுருள். மோசேயின் ஐந்து ஆகமங்களையும் பதப்படுத்திய தோலில், இறகு அல்லது நாணல் பேனாவால், எழுத்தர் கையாலேயே எழுத வேண்டும். எழுத்துகள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஓர் எழுத்து சிதைந்தாலும், திருத்தி முடிக்கும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிப்பதில்லை. இறைவனுக்கு உருவம் சமைக்கக் கூடாது என்ற கட்டளை இருப்பதால், கைவினைஞரின் திறமை முழுவதும் இந்தச் சுருளின் மேலும் வீட்டுச் சடங்குப் பொருள்களின் மேலும் இறங்கியது. கட்டளையை நிறைவேற்றுவதோடு நில்லாமல், அதை அழகாகவும் நிறைவேற்ற வேண்டும் என்பது ரபிகளின் போதனை.

ஐரோப்பிய வழக்கில், நம் கோயில்களில் உற்சவருக்குச் சாத்துவதுபோல, சுருளுக்கு வெல்வெட் அங்கி, வெள்ளி மார்க்கவசம், கிரீடம் ஆகியவற்றை அணிவிப்பார்கள். கிரீடத்துக்குப் பதிலாகச் சுருள்தண்டுகள் இரண்டின் மேல்முனைகளிலும் மாதுளை வடிவக் கும்பங்களைச் செருகுவதும் உண்டு. அவற்றில் சிறு மணிகள் தொங்கும். ஆரோனின் அங்கி ஓரத்தில் மாதளம்பழங்களும் பொன்மணிகளும் மாறி மாறித் தொங்கியதாக யாத்திராகமம் சொல்வதன் எதிரொலி அது. வாசிப்பவர் எழுத்தை விரலால் தொடுவதில்லை. சுட்டுவிரல் நீட்டிய சிறு கை வடிவில் முடியும் வெள்ளிக்கோலால் வரியைத் தொடர்வார்.

இந்தப் பொருள்களில் நெஞ்சைத் தொடுவது வெள்ளியோ பொன்னோ அல்ல, ஒரு துணிப்பட்டை. ஜெர்மானிய யூதர்கள், ஆண் குழந்தையின் விருத்தசேதனத்தின்போது பயன்பட்ட துணியை நீளக் கிழித்துத் தைப்பார்கள். குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும், அவன் தோரா கற்று, மணமுடித்து, நற்செயல் புரிய வேண்டும் என்ற வாழ்த்தையும் அதில் நூலால் எழுதுவார்கள். தோராச் சுருளைச் சுற்றிக் கட்ட அந்தப் பட்டையே உதவும். வரலாற்று ஆய்வாளருக்கு இதைவிட நம்பகமான பிறப்புச் சான்று கிடைப்பது அரிது.

ஆஸ்திரேலியாவில் யூதர் வரலாறு, ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கிய 1788ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. முதல் கப்பல்களில் வந்த கைதிகளில் எஸ்தர் ஏப்ரகாம்ஸ் உள்ளிட்ட யூதர்கள் சிலர் இருந்தனர். சிட்னி எலிசபெத் தெருவின் பெரிய ஜெப ஆலயம் 1878இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் தாமஸ் ரோ வடிவமைத்த இந்த மணற்கல் கட்டடத்தின் முகப்பில் சக்கர வடிவச் சாளரமும், உள்ளே கருநீல விதானத்தில் பொன் நட்சத்திரங்களும் உண்டு. சடங்குப் பொருள்களுக்கான சிறு அருங்காட்சியகம் ஒன்றும் இந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. எருசலேமை நோக்கித் தொழுவது மரபு. ஐரோப்பாவில் அது கிழக்குத் திசை. சிட்னியிலிருந்து பார்த்தால் மேற்கு.

நாட்டின் யூத மக்கள்தொகை 1933இல் 23,000 சொச்சம். நாஜிகளிடமிருந்து தப்பியவர்களும் படுகொலையில் உயிர் பிழைத்தவர்களும் வந்து சேர்ந்தபின், 1961இல் அது ஏறத்தாழ 59,000 ஆனது. போலந்து, ஜெர்மனி, ஹங்கேரி என ஒவ்வொரு நாட்டின் வேலைப்பாடும் அவர்களோடு வந்தது. இந்தியா, ஈராக், எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் சிட்னியில் 1962இல் தங்களுக்கென செபார்டி (கீழை மரபு) ஜெப ஆலயம் அமைத்தனர். இவர்களோடு வந்த பாக்தாத் மரபில் சுருளுக்குத் துணி அங்கி கிடையாது. கீல் வைத்துத் திறக்கும், பல சமயம் வெள்ளித்தகடு போர்த்திய, மரப்பேழைக்குள் சுருளை வைப்பார்கள். வாசிக்கும்போது பேழையை நிமிர்த்தி நிறுத்துவார்கள். கொல்கத்தா, மும்பை ஜெப ஆலயங்களிலும் கொச்சியிலும் இவ்வகைப் பேழைகளைக் காணலாம். இப்படி ஐரோப்பிய வழக்கும் கீழை வழக்கும் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக வாழ்கின்றன.

மெல்போர்னில் ரபி ரொனால்ட் லுபோஃப்ஸ்கியின் முயற்சியால் 1977இல் ஆஸ்திரேலிய யூத அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1995இல் அது செயின்ட் கில்டாவின் ஆல்மா சாலைக்கு, ஒரு ஜெப ஆலயத்துக்கு எதிரே, இடம்பெயர்ந்தது. சிட்னி யூத அருங்காட்சியகம் 1992இல் டார்லிங்ஹர்ஸ்ட்டில் திறக்கப்பட்டது. அது அமைந்த மக்கபியன் மண்டபத்தை 1923இல் திறந்துவைத்தவர் தளபதி ஜான் மோனாஷ்.

வீட்டுப் பொருள்களும் கலையில் குறைந்தவை அல்ல. ஓய்வுநாளை வரவேற்கும் திராட்சரசக் கிண்ணம், ஓய்வுநாள் முடிகையில் முகரும் நறுமணப் பொருள்களை வைக்கும் கோபுர வடிவப் பெட்டி, பஸ்கா விருந்துத் தட்டு, எஸ்தர் ஆகமச் சுருளின் உறை எனப் பட்டியல் நீளும். ஹனுக்கா விளக்கில் எட்டுச் சுடர்களும், அவற்றை ஏற்ற உதவும் ஒன்பதாவது சுடரும் உண்டு. ஐரோப்பாவின் குளிர்கால இருட்டுக்குப் பழகிய அந்த விளக்கு, மெல்போர்னில் கோடையின் நீண்ட அந்தி சாய்ந்தபின் ஏற்றப்படுகிறது.

சுருளை நேரடியாகத் தொட்டிருக்கும் அங்கி, பேழை போன்றவற்றைப் புனிதம் ஒட்டிக்கொண்டவையாக யூதச் சட்டம் கருதுகிறது; அவை நைந்தால் குப்பையில் எறியக் கூடாது. கிண்ணத்துக்கும் விளக்குக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே அருங்காட்சியகத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வெள்ளிப் பொருள்களுக்குச் சட்டப்படி ஒரே தகுதி இல்லை. அவற்றில் பொறித்த எழுத்தில் கொடையளித்தவர் பெயரும், சபையின் ஊரும், எபிரேய எழுத்துகளையே எண்களாகக் கொண்டு குறித்த ஆண்டும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் சபையே அழிந்துபோன ஊர்களைப் பொறுத்தவரை, அந்தப் பொறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்துப் பதிவுசெய்வதே காப்பாளர்களின் அவசரமான பணி.