ஒரே ராத்திரியில் தொட்டி முழுக்கப் பால்! பவளம் வளர்ப்பவர்களை ஆட்டிவைக்கும் சுண்ணாம்புக் கணக்கு

ராத்திரி படுக்கப் போகும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் பால்! மோட்டாரில் வெள்ளை. ஹீட்டரில் வெள்ளை.

"யாராவது மோரைக் கொட்டிட்டாங்களா?" என்று வீட்டு அம்மாள் கேட்பார். கொட்டியது வேறு யாருமல்ல. வீட்டுக்காரரேதான்!

கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி உயிருள்ள பவளம் வளர்க்கும் பொழுதுபோக்கு அமெரிக்கா, ஜெர்மனி, சிங்கப்பூர் போன்ற இடங்களில் உண்டு. அதில் புதிதாக இறங்கும் ஆசாமிகளுக்கு நேரும் விபத்து இது. கால்சியம் குறைந்துவிட்டது என்று இன்றைக்கு ஒரு பாட்டில் ஊற்றுவார். காரத்தன்மை குறைந்துவிட்டது என்று நாளைக்கு இன்னொரு பாட்டில். இரண்டும் எல்லை மீறினால் தண்ணீருக்குள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்துவிடும். அதுதான் அந்தப் பால்!

நம்ம ஊரில் கம்பி எண்ணணும்!

கொளத்தூர் பக்கம் வண்ண மீன் வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு நாமும் வளர்க்கலாமே என்று ஆசைப்பட வேண்டாம். பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாம் 2001-ல் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன. பிடிபட்டால் 3 வருடத்துக்குக் குறையாமல், 7 வருடம் வரை ஜெயில். "செத்துப்போன காய்ந்த துண்டுதானே சார்" என்ற சமாதானமும் எடுபடாது.

சட்டம் சும்மா வரவில்லை. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவே பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில்! பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டு கல்லாப்பெட்டி

சரி, தொட்டிக் கணக்குக்கு வருவோம். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. காரத்தன்மை ஏறக்குறைய 7 ஜெர்மன் டிகிரி. (காரம் என்றதும் மிளகாய் ஞாபகம் வேண்டாம். அமிலம் சேர்ந்தால் தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் அளவு அது. பவளத்துக்கு வேண்டிய கார்பனேட் சரக்கும் அதில்தான் அடக்கம்.)

பவளம் தன் எலும்புக் கூட்டைக் கட்ட இரண்டையும் எடுக்கிறது. கொத்தனார் செங்கல்லும் கலவையும் எடுப்பது போல. அதில் ஒரு கண்டிப்பான விகிதம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் எடுத்தால், கூடவே காரத்தன்மையில் 2.8 டிகிரி காலி.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 420-ல் 20 போனால் கண்ணுக்கே தெரியாது. 7-ல் 2.8 போனால்? கடையே ஆட்டம் கண்டுவிடும்! கால்சியம் பெரிய கல்லாப்பெட்டி. காரத்தன்மை சின்னது. திருட்டு முதலில் தெரிவது சின்னப் பெட்டியில்தான். ஆகவே தினமும் பார்க்க வேண்டியது காரத்தன்மையை. கால்சியத்தை வாரம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

அதற்கும் முன்னால் உப்பு. லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டியது குறைந்திருந்தால் கால்சியமும் குறைவாகத்தான் காட்டும். அதை மருந்து ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண் செலவு.

ஆப்ப சோடாவே போதும்!

காரத்தன்மை ஏற்றப் பெரிய பெயர் போட்ட பாட்டில் தேவையே இல்லை. கலப்படமில்லாத ஆப்ப சோடா போதும். 400 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி ஏற்ற 12 கிராம். அடேயப்பா, இவ்வளவுதானா என்று இரண்டு கை அள்ளிப் போட்டால் வந்தது வினை. ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது.

கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு. இரண்டையும் ஒரே டம்ளரில் கலக்கவே கூடாது. ஒன்றை ஊற்றி, அது தண்ணீரில் நன்றாகக் கலந்த பிறகே மற்றது.

இன்னொரு வழி நம் வெற்றிலைப் பெட்டிக்கு நெருங்கிய சொந்தம். சுண்ணாம்புத் தண்ணீர்! ஜெர்மன்காரர்கள் கல்க்வாசர் என்பார்கள். தெளிந்த மேல் நீரை மட்டும் எடுத்து, ஆவியான தண்ணீருக்கு ஈடாக ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுவது. கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் போய்ச் சேரும். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் ஆகாது. சுத்தமான சரக்கு வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீரின் காரம் திடீரென எகிறி மீனும் பவளமும் அம்பேல்!

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஞ்சாயத்துக்காரர் உண்டு. பெயர் மெக்னீசியம். கடலில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம். உருவாகிற சுண்ணாம்புப் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுப்பது இவர் வேலை. இவர் குறைந்தால் மற்ற இரண்டும் கட்டுக்கு அடங்காது. "எவ்வளவு ஊத்தியும் ஏறலையே" என்று புலம்புகிறவர்கள் முதலில் இவரை அளந்து பார்ப்பது நல்லது.

பாலானால் என்ன செய்வது?

ஏற்கெனவே பாலாகிப்போன தொட்டியில் அளந்து பார்த்தால் இரண்டு அளவும் கீழே இறங்கியிருக்கும். பதறிப்போய் மறுபடி ஊற்றுவதுதான் பெரிய தப்பு. எதையும் ஊற்றாமல் தூள் அடங்கும்வரை விட வேண்டும். மோட்டாரை மாட்டியே வைத்திருந்தால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் வெள்ளை கரைந்துவிடும். அதுவரை தண்ணீரைக் கலக்கிவிட வேறொரு மோட்டார் ஓட வேண்டும். அப்புறம் புதிய உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, தெளிந்த பிறகு உப்பு, மெக்னீசியம், காரத்தன்மை, கால்சியம் என்ற வரிசையில் அளந்துகொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.